மழையை வாசிப்பது எப்படி: பள்ளிக் கான்சர்ட் பேண்டும் இயற்கை இசையும்

சுதந்திர தினத்தன்று பாளையங்கோட்டைப் பக்கம் எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் பேண்டுச் சத்தம் கேட்கும். சைடு டிரம், பெரிய டிரம், சிம்பல், பியூகிள், சில பள்ளிகளில் புல்லாங்குழல் வரிசை. இது அணிவகுப்பு பேண்டு. பிள்ளைகளின் கால்களை ஒரே தாளத்தில் நடக்க வைப்பதுதான் அதன் வேலை. அதனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகம், ஒரே சத்தம்.

கான்சர்ட் பேண்டு உட்கார்ந்து வாசிக்கிற குழு. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், டியூபா, பின்வரிசையில் தாள வாத்தியங்கள். வயலின் கிடையாது. யாரும் நடக்கப்போவதில்லை என்பதால் வேகம் கூடலாம், குறையலாம். முப்பது பேர் சேர்ந்து வாசித்தும் மின்விசிறிச் சத்தம் கேட்கும் அளவுக்கு இறங்கலாம். இந்தச் சுதந்திரம்தான் இயற்கையை வாசிக்க இடம் கொடுக்கிறது.

தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு எழுதப்படும் பேண்டு இசையில் புயல், ஆறு, மலை, கடல் என்ற தலைப்புகள் இவ்வளவு அதிகமாக வருவதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. முதல் கிரேடு இசையில் பிள்ளைக்குத் தெரிந்தது ஆறு சுரம், ஏறினால் எட்டு. சுருதி பெரும்பாலும் பி பிளாட் அல்லது இ பிளாட். இதை வைத்துக்கொண்டு ராகமாலிகை போட முடியாது. ஆனால் நான்கு விஷயங்களை மாற்றலாம்: சத்தம், வேகம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பது, எந்த வாத்தியம் என்பது. மழை வலுப்பதும் ஆறு பெருகுவதும் காற்று விழுவதும் இந்த நான்கின் மாற்றம்தான். இயற்கை இசை என்றால் இடிச் சத்தமும் குருவிச் சத்தமும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை மேலே தூவுகிற சரக்கு. ஒன்று இன்னொன்றாக மெல்ல மாறுவதை வாசித்துக் காட்டுவதே உண்மையான வேலை.

மேற்கத்திய இசையில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சத்தத்தையே நகல் எடுப்பது. பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி 1808-ல் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியின் முடிவில் நைட்டிங்கேல் பறவையைப் புல்லாங்குழலும், காடையை ஓபோ என்ற குழல் வாத்தியமும், குக்கூவைக் கிளாரினெட்டும் வாசிக்கின்றன. எந்தப் பறவை என்பதை அவரே நோட்டில் பெயர் போட்டு எழுதியிருக்கிறார். இரண்டாவது, அசைவை நகல் எடுப்பது. செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டானா 1874-ல் தன் நாட்டு வல்டாவா ஆற்றை எழுதியபோது இரண்டு புல்லாங்குழல்களில் தொடங்கினார். அந்த ஆற்றுக்கு ஊற்று இரண்டு. பிறகு கிளாரினெட்டுகள் சேர்கின்றன, அப்புறம்தான் முழுக் குழுவும் ஆறாகிறது. தண்ணீர்ச் சத்தத்தை யாரும் நகல் எடுக்கவில்லை, தண்ணீர் ஓடுகிற விதத்தை எடுத்தார்கள். மூன்றாவது, பார்க்கிறவர் மனநிலையை வாசிப்பது. பீத்தோவனே தன் சிம்பொனியைப் பற்றி, இது படம் வரைவதைவிட உணர்வைச் சொல்வது என்று குறித்து வைத்தார்.

பள்ளி பேண்டுக்கு இரண்டாவது வழியே மூலதனம். முதலாவதை அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, முதல் இரண்டும் சரியாக வந்தால் தானே வரும்.

மழை

நெல்லைச் சீமைக்கு மழை இரண்டு. ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி வந்து தென்காசி, குற்றாலப் பக்கம் விழுகிற சாரல் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு கொட்டுகிற வடகிழக்குப் பருவமழை இன்னொன்று. இசையில் இவை இரண்டும் வேறு வேறு. சாரலில் இடி வேண்டாம். தொங்கவிட்ட சிம்பலில் மெத்தைக் குச்சியால் மெல்லிய உருட்டு, புல்லாங்குழலில் தொடர்ந்த டிரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி ஊதுவது), அவ்வளவே போதும். மழை என்று தலைப்பைக் கண்டதும் பெரிய டிரம்மை அடிக்கத் தொடங்குவது பரவலான தவறு.

கார்த்திகை மழையை உடம்பாலேயே கட்டலாம். அந்த நேரம் வாசிக்காத பிள்ளைகள் உள்ளங்கைகளைத் தேய்ப்பது முதல் கட்டம். தூறலுக்கு முன் வரும் காற்று அது. அடுத்து விரல் சொடுக்கு. பிறகு இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டு. பிறகு தொடையில் அறை. கடைசியில் காலால் தரையில் மிதி. ஒரு கட்டத்துக்கு எட்டு பார் (ஒரு பார் என்பது ஒரு தாளச் சுற்று) கொடுங்கள். எல்லோரும் ஒரே நொடியில் கட்டம் மாறக் கூடாது. இடது ஓரத்து வரிசை மாறி இரண்டு பார் கழித்து அடுத்த வரிசை மாறினால், மழை அரங்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்வது காதுக்குத் தெரியும். மழை விடும்போது இதையே பின்னோக்கிச் செய்யுங்கள். மடியில் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் வைத்திருப்பவர்களுக்குத் தொடை அறை வேண்டாம், கீ வளைந்துவிடும். அவர்கள் சொடுக்கோடு நிற்கட்டும். சொடுக்கு வராத சின்னப் பிள்ளைகள் நாக்கை மேலண்ணத்தில் தட்டினால் போதும்.

இங்கே கெடுவது ஒன்றுதான், ஆனால் அது எப்போதும் கெடும். சில நொடிகளுக்குள் முப்பது சொடுக்கும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுத் தன்னை ஒட்டவைப்பதுதான் பிள்ளைகள் பேண்டில் கற்ற முதல் பாடம். மழைக்கு அது ஆகாது. "கலைத்து அடி" என்று சொல்லிப் பயனில்லை. ஆளுக்கொரு எண் கொடுங்கள். ஒருவனுக்கு 5, அடுத்தவளுக்கு 7, அடுத்தவனுக்கு 8, அதற்கடுத்து 11. மனதுக்குள் எண்ணி, தன் எண் வரும்போது மட்டும் சொடுக்க வேண்டும். ஐந்தும் ஏழும் 35 எண்ணிக்கைக்கு ஒரு முறைதான் சந்திக்கும், ஏழும் பதினொன்றும் 77-க்கு ஒரு முறை. மழை தானாகக் கலைந்து விழும்.

சாய்த்தால் மழைச் சத்தம் தரும் மழைக்கழி செய்ய ஒரு மீட்டர் நீளமுள்ள கெட்டியான அட்டைக் குழாயோ மூங்கிலோ போதும். சுற்றிலும் சுருள் வரிசையில் ஆணி அடியுங்கள். ஆணியின் நீளம் குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் மறுபக்கம் முனை வெளியே வந்து கையைக் கிழிக்கும். உள்ளே கால் டம்ளர் கழுவிக் காயவைத்த குறுமணல் அல்லது அரிசி. மணலைக் கழுவாமல் போட்டால் புழுதி இழைந்து சத்தம் மந்தமாகும். நிறையப் போட்டாலும் தப்பு: ஆணிகள் அமுங்கிப்போய் மொத்தமும் இரண்டு நொடியில் பொத்தென்று விழும். அரிசி, பயறு போட்டால் சில மாதத்தில் வண்டு விழும், ஆண்டு விழாவுக்கு முன் திறந்து மாற்றுங்கள்.

இடியும் மின்னலும்

ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ஆகவே ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்த மின்னலின் இடி நம்மிடம் வர மூன்று நொடி ஆகும். நிமிடத்துக்கு 60 கிராச்செட் (ஒரு தட்டு நீளமுள்ள சுரம்) என்ற வேகத்தில் ஒரு தட்டு ஒரு நொடி. அப்படியானால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஆறு தட்டு விட்டால் புயல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அடுத்த முறை நான்கு தட்டு, அதற்கடுத்து இரண்டு, கடைசியில் இரண்டும் ஒன்றாக. யாரும் விளக்கம் சொல்லாமலே, புயல் நெருங்குகிறது என்று அரங்கம் புரிந்துகொள்ளும். பிறந்ததிலிருந்து எல்லோரும் எண்ணிப் பழகிய இடைவெளி அது. மின்னலுக்குப் புல்லாங்குழலும் டிரம்பெட்டும் ஒரே வீச்சில் ஏறி நிற்கும் நாலு சுரம், மேலே ஒரு சிம்பல் அறை. அறைந்த கையோடு சிம்பலை நெஞ்சில் அணைத்து நிறுத்திவிட வேண்டும். மின்னல் நீளாது, இடிதான் நீளும்.

இடிக்குப் பெரிய டிரம்மில் இரண்டு மெத்தைக் குச்சிகளால் உருட்டுங்கள். நடு மையத்தில் அடித்தால் பொத் என்ற உலர்ந்த சத்தம் மட்டும் வரும். மையத்துக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தில் உருட்டினால்தான் முழக்கம் தங்கும். அணிவகுப்பு டிரம்மைத் தரையில் படுக்கப் போடும் பழக்கம் இருக்கிறது. கீழ்த் தோல் தரையோடு ஒட்டி அடைபட்டுப் போகும். ஸ்டாண்டிலோ இரண்டு ஸ்டூல்களின் விளிம்பிலோ இரு பக்கமும் காற்றுப் பட நிறுத்துங்கள்.

இடித் தகடு வேண்டுமானால் ஆறு அடிக்கு மூன்று அடி, 24 கேஜ் ஜி.ஐ. தகடு வாங்கலாம். கூரைக்குப் போடுகிற நெளி தகரம் உதவாது. நெளிவு அதை விறைப்பாக்குவதால் வளைந்து அலைபாயாமல் கடகடக்கும். சின்னத் துண்டு வாங்கினால் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம்தான் வரும். மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ரீப்பர் கட்டைக்குள் வைத்துத் திருகாணி போட்டு முடுக்குங்கள், இல்லையென்றால் வெட்டிய விளிம்பு பிள்ளையின் விரலைப் பதம் பார்க்கும். மேல் கட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டு, கீழ்க் கட்டையைப் பிடித்து முதலில் மெதுவாக அலை எழுப்பி, பிறகு வேகம் கூட்ட வேண்டும்.

காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊரில் காற்றை ஒரே சீராக ஊதினால் யாரும் நம்ப மாட்டார்கள். டிரம்பெட், ஹார்ன் முதலிய பித்தளை வாத்தியக்காரர்கள் உதடு அதிராமல் குழாய்க்குள் வெறும் மூச்சை விடட்டும். வாயை 'ஊ' என்று குவித்தால் காற்றின் தொனி தாழும், 'ஈ' என்று இழுத்தால் உயரும். 'ஊ'வில் தொடங்கி 'ஈ'க்குப் போய்த் திரும்பினால் ஒரு காற்று வீச்சு. எல்லோரும் தொடர்ந்து ஊதினால் தலை சுற்றும், வெறும் மூச்சுக்குக் குழாயில் தடை குறைவு; ஒரு பாதி நான்கு தட்டு, மறு பாதி நான்கு தட்டு என்று மாற்றி விடுங்கள். கூடவே நன்றாகக் காய்ந்த பனையோலை இரண்டை ஒருவர் கையில் கொடுத்து அசைக்கச் சொல்லுங்கள். தேரிக்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சலசலப்பை எப்படி எழுப்புவது என்று கற்றுத்தரத் தேவையில்லை.

குயில்

மேற்கத்திய நோட்டில் குக்கூ என்றால் மேலிருந்து கீழே இறங்கும் இரண்டு சுரம். பீத்தோவனின் கிளாரினெட் வாசிப்பதும் அதுவே. நம் தோப்பில் கூவும் குயில் வேறு பறவை, கூவல் நேர் எதிர். 'கு' என்று தொடங்கி 'ஊ' என்று வழுக்கி ஏறும். அடுத்த கூவல் இன்னும் சற்று மேலே, இன்னும் சற்று உரக்க. இப்படி ஏறி ஏறிப் போய் உச்சியில் சட்டென்று நின்றுவிடும். வெளிநாட்டு நோட்டை அப்படியே வாசித்தால் பெற்றோர் வரிசையில் யாருக்கும் குயில் நினைவு வராது. கிளாரினெட்டில் இப்படி எழுதுங்கள்: ஒரு சின்னக் குவேவர் (அரைத் தட்டுச் சுரம்), அதிலிருந்து ஒரு கிராச்செட்டுக்கு வழுக்கல், ஏழெட்டு முறை, ஒவ்வொரு முறையும் அரைச் சுரம் உயர்த்துங்கள், சத்தத்தை ஒரு படி கூட்டுங்கள், கடைசிக் கூவலுக்குப் பின் இரண்டு தட்டு வெறுமை. அந்த வெறுமையை நிரப்ப எந்த வாத்தியத்தையும் விடாதீர்கள்.

செம்போத்துக்கு யூஃபோனியம் பொருத்தம். ஒரே தாழ்ந்த சுரத்தில் 'கூப் கூப் கூப்' என்று சீராக வாசித்தால் போதும். மயிலுக்கு டிரம்பெட், ஆனால் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அது மற்றதையெல்லாம் விழுங்கிவிடும்.

மழைக்கு ஒரு ராகம்

எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடி மழை வந்ததாகச் சொல்வது வழக்கம். அவர் 1835-ல் காலமானதும் அந்த ஊரிலேயே. பேண்டுக்கும் அவருக்கும் உறவு உண்டு: சென்னையில் கிழக்கிந்திய கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், அவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள். அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர், எட்டயபுரம் சமஸ்தான வித்வானாகவும் இருந்தார். ஆகவே பள்ளி பேண்டில் அமிர்தவர்ஷிணி வாசிப்பது ஒட்டாத காரியம் இல்லை.

ஐந்தே சுரம்: ச, அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம், ப, காகலி நிஷாதம். ச-வை பி பிளாட்டில் வைத்தால் பேண்டுச் சுருதியில் பி பிளாட், டி, இ, எஃப், ஏ. இதில் கெடுவது அந்த இ. பி பிளாட் மேஜரில் பழகிய கை இ பிளாட்டைத்தான் தேடும்; தேடினால் பிரதி மத்தியமம் சுத்த மத்தியமமாகி ராகமே மாறிவிடும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் விரலைச் சொல்லிக்கொடுங்கள். டிரம்பெட்டில் முதல் வால்வு இல்லை, இரண்டாவது. டிராம்போனில் மூன்றாம் நிலை இல்லை, இரண்டாம் நிலை. கிளாரினெட்டில் கட்டைவிரலை எடுத்துவிட்டு இடது சுட்டுவிரலை மட்டும் வைக்க வேண்டும். ஆல்டோ சாக்ஸபோனில் எல்லா விரலையும் எடுத்துவிடலாம். ஒவ்வொருவரின் பார்ட்டில் (தனி நோட்டில்) அந்தச் சுரத்தை ஒவ்வொரு இடத்திலும் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுப்பது வீண் வேலை இல்லை. கமகம் எதிர்பார்க்க வேண்டாம். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நேர் சுரம் சுத்தமாக வந்தாலே ராகம் தெரியும்.

நான்கு நிமிடத் தாமிரபரணி

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற தாமிரபரணிக்கு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு, சிற்றாறு என்று வரிசையாகத் துணையாறுகள் வந்து சேர்கின்றன. இசைக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. நான்கு தட்டுப் பார், நிமிடத்துக்கு 72 கிராச்செட், மொத்தம் 72 பார். முதல் நான்கு பாரில் மூச்சுக் காற்று மட்டும். ஐந்தில் இரண்டு புல்லாங்குழல். 9-ல் சேர்வலாறாக முதல் கிளாரினெட், 17-ல் மணிமுத்தாறாக இரண்டாம் கிளாரினெட், 25-ல் கடனாவுக்கு ஆல்டோ சாக்ஸபோன், 33-ல் பச்சையாற்றுக்கு ஹார்னும் டிரம்பெட்டும், 41-ல் சீவலப்பேரியில் சிற்றாறு சேரும்போது டிராம்போன், யூஃபோனியம், டியூபா. 41 முதல் 56 வரை முழு மெட்டு. 57-லிருந்து வேகம் 60-க்கு இறங்கட்டும். சமவெளியில் ஆறு அகலமாகி நிதானமாகப் போகிறது. கடைசி எட்டு பார் கடல்: சிம்பல் உருட்டு எழுந்து விழும் அலைகள், ஆனால் சம இடைவெளியில் வேண்டாம், ஏழு தட்டுக்கு ஒன்று, பிறகு ஐந்து, பிறகு ஒன்பது.

புல்லாங்குழலின் ஓட்டத்தை ஒரே பிள்ளை தொடர்ந்து வாசித்தால் மூச்சு முட்டும். ஆளுக்கொரு பார் மாற்றி வாசிக்கட்டும். ஆனால் தன் பார் முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்தவரின் முதல் சுரத்தையும் சேர்த்து வாசித்துவிட்டு விட வேண்டும். இந்த ஒரு சுரத்து ஒட்டு இல்லையென்றால் பாருக்குப் பார் ஓட்டை தெரியும்.

சத்தம் வளர்ப்பதுதான் கடினம். சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லும் கிரெசெண்டோ குறியைக் கண்ட மறுநொடி பிள்ளைகள் உரக்க வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாவது பாரிலேயே உச்சி எட்டிவிடும், மிச்சம் ஆறு பாரில் போவதற்கு இடம் இருக்காது. அந்தக் குறி வந்தால் முதலில் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எட்டு பாருக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுத்து, வாத்தியம் இல்லாமல் வாயால் எண்ணச் சொல்லுங்கள்: ஒன்று கிசுகிசுப்பு, எட்டு கூச்சல். பிறகு அதே எண்களை வாத்தியத்தில். பித்தளையும் தாளமும் ஐந்தாவது பாரில்தான் வளரத் தொடங்க வேண்டும். சத்தம் கூடும்போது வேகமும் கூடிவிடுவதால், இந்தப் பயிற்சியில் தட்டைச் சீராகக் காட்டும் மெட்ரோனோமை அணைக்காதீர்கள்.

கடைசிப் பகுதியில் இன்னொரு தொல்லை. சத்தம் குறையும்போது புல்லாங்குழலின் சுருதி இறங்கும், கிளாரினெட்டின் சுருதி ஏறும். இரண்டும் சேர்ந்து தணியும் இடத்தில் காது கூசும். எல்லோரையும் சத்தம் குறைத்து வாசிக்கச் சொல்வதைவிட ஆளைக் குறைப்பது மேல்: கடைசி எட்டு பாரில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவர் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் அரங்கம் கொதித்தால் குழல்களின் சுருதி ஏறும், ஆனால் குச்சியால் தட்டி வாசிக்கும் கிளாக்கன்ஸ்பீலின் உலோகப் பட்டைகள் ஏறாது. அதை வைத்துச் சுருதி சேர்ப்பதானால் வாத்தியங்களைப் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பின், ஊதும் குழாயைச் சற்று வெளியே இழுத்துச் சேருங்கள்.

மேடை ஏறுவதற்கு முன் ஒரு சோதனை நல்லது. தலைப்பைச் சொல்லாமல் இன்னொரு வகுப்புக்கு வாசித்துக் காட்டி, என்ன கேட்டது என்று எழுதச் சொல்லுங்கள். ஆறு, வெள்ளம், வாய்க்கால் என்று வந்தால் சரி. ரயில் என்று எழுதினால் புல்லாங்குழல் ஒட்டில் ஓட்டை விழுந்து, பார்கள் தனித்தனியாக இடிக்கின்றன. சண்டை என்று எழுதினால் 41-ஆம் பாருக்கு முன்பே பித்தளை முழுச் சத்தத்துக்குப் போய்விட்டது. 33-லிருந்து மறுபடி எண்ணிப் பழகுங்கள்.